ஈப்பிடிப்பானின் கால் நிறம்

அக்டோபர் 7, 2025, செவ்வாய். ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ‘கால்கள்: வெளிர் மஞ்சள்’ என்று எழுதியிருக்கிறேன். கால்களை நான் பார்த்தேனா என்று உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததை எழுதியது தவறு.

இதை எழுதிவிட்டு ராஜஸ்ரீ பேனாவை மூடினாள். பிறகு திறந்து, ‘உறுதியாக’ என்ற சொல்லை அடித்தாள். அடித்த பிறகு வாக்கியம் இன்னும் மோசமாகத் தெரிந்தது. பார்த்தேனா என்று தெரியவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதானே பொருள்? ஆனால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதவும் கை வரவில்லை. ஏனென்றால் கண்ணை மூடினால் அந்தக் கால்கள் தெரிந்தன. ஈர்க்குச்சி மாதிரி இரண்டு கால்கள், சுள்ளியைப் பற்றிக்கொண்டு, உரித்த வேர்க்கடலையின் நிறத்தில். இவ்வளவு தெளிவாகத் தெரிவதை எப்படிப் பார்க்கவில்லை என்று சொல்வது?

அவள் வேலை செய்வது சிஞ்ச்வடில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். காலையிலிருந்து மாலை வரை புஷ், பின், வாஷர் என்று ஒவ்வொன்றாக எடுத்து, மைக்ரோமீட்டரில் வைத்து, வந்த எண்ணைத் தாளில் எழுத வேண்டும். திங்களும் வியாழனும் மாலையில் லோக்கல் ரயிலைப் பிடித்து நகரத்துக்குள் போவாள். அங்கே ஒரு கல்லூரியில் பறவை நோக்கும் வகுப்பு நடந்தது. வகுப்புக் குறிப்புகள் ஆங்கிலத்தில். வீட்டு நாட்குறிப்பு மட்டும் தமிழில். பூனாவில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோகக் கூடாது என்று அம்மா சின்ன வயதில் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்ததன் மிச்சம் அது.

வகுப்பை நடத்துகிற அம்ருதா மேடத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, பறவையைப் பார்த்து முடித்துத் தாளில் எழுதும்வரை பறவைப் புத்தகம் பையைவிட்டு வெளியே வரக்கூடாது. மற்றது, மாணவர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்; ஆனால் பறவை பறந்ததும் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, பேசாமல், தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. பேசினால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே தப்பைச் செய்வார்கள் என்பது அவர் கட்சி.

ராஜஸ்ரீக்கு ஜோடியாக வாய்த்தவன் சூர்யா. கோயம்புத்தூர்க்காரன், ஹிஞ்ஜவடியில் மென்பொருள் வேலை, கழுத்தில் எப்போதும் தொங்கும் கேமரா. வகுப்பில் தமிழ் பேசத் தெரிந்த இன்னொரு ஆள் அவன் என்பதால் மேடமே சேர்த்துவிட்டார். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் கடக்வாஸ்லா அணைக்கு அப்பால், நீர்த்தேக்கத்தில் வந்து சேருகிற ஓர் ஓடை. இரண்டு கரையிலும் புங்கமும் மாமரமும் கவிந்து, பகலிலும் அந்தி மாதிரி இருக்கும்.

போன ஞாயிறு அங்கேதான் அந்தப் பறவை வந்தது. சிட்டுக்குருவியைவிடச் சிறியது, பழுப்பு நிறம், பெரிய கண், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். சுள்ளி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. திடீரென்று காற்றில் பாய்ந்து எதையோ கவ்விக்கொண்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. அப்படி வந்தால் அது ஈப்பிடிப்பான். அதுவரைக்கும் சிக்கலே இல்லை. சிக்கல், எந்த ஈப்பிடிப்பான் என்பதில்தான். பழுப்பு ஈப்பிடிப்பான் என்று ஒன்று உண்டு. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்று இன்னொன்று உண்டு. முன்னது இந்தப் பக்கத்தில் அவ்வப்போது கண்ணில் படும். பின்னது வடகிழக்கிலிருந்து தெற்கே போகிற வழியில், அக்டோபரில் சில நாள் தங்கிவிட்டுப் போகும், பார்த்தவர்கள் குறைவு. அக்கா தங்கை மாதிரி இருக்கும் இரண்டையும் மரநிழலில் பிரித்துச் சொல்ல நம்பக்கூடிய அடையாளம் கால்தான். முன்னதற்குக் கறுப்பு. பின்னதற்கு வெளிர் மஞ்சள்.

ராஜஸ்ரீ தன் தாளைத் தானே கட்டம் போட்டு அச்செடுத்து வைத்திருந்தாள். அலகு, கண், தொண்டை, மார்பு, இறக்கை, வால், கால். ஓடைக்கரையில் எழுதியபோது மற்றதெல்லாம் நிரம்பியது. கால் கட்டத்தில் என்ன எழுதினாள், எழுதினாளா என்பதுதான் இப்போது தெரியவில்லை. தெரிந்தது இவ்வளவு: திரும்பி வரும்போது பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, வியர்வையில் கசங்கிய தாளைப் புதிதாகப் பிரதி எடுத்தாள். பழையதைக் கிழித்துப் போட்டாள். பிரதியில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

தொழிற்சாலையில் காலிக் கட்டம் என்பது குற்றம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் பரிசோதனையே நடக்கவில்லை என்று சூப்பர்வைசர் தாளைத் திருப்பி அனுப்புவார். மூன்று வருஷமாக அவள் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் காலிக் கட்டம் இருந்ததில்லை. அந்தக் கைதான் ஞாயிறு மாலை கால் கட்டத்தையும் நிரப்பியிருக்க வேண்டும். இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் கை எழுதியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று.

திங்கள் வகுப்பில் மேடம் இருவர் தாளையும் வாசித்தார். சூர்யா ‘பழுப்பு ஈப்பிடிப்பான்’ என்று பெயர் எழுதியிருந்தான். கால் என்ற இடத்தில் ‘இலை மறைத்தது’ என்று எழுதியிருந்தான். மேடம் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். காலையே பார்க்காமல் பெயரைச் சொன்னால் அது அடையாளம் காண்பதில்லை, ஜோசியம் என்று மராத்தியில் சொன்னார். வகுப்பு சிரித்தது. பிறகு ராஜஸ்ரீயின் தாளை உயர்த்திப் பிடித்தார். எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்திருக்கிறாள் என்றார்.

டிசம்பரில் சஹ்யாத்திரிக் காட்டில் ஒரு பறவைக் கணக்கெடுப்பு நடக்க இருந்தது. வகுப்பிலிருந்து ஓர் ஆளை அனுப்பலாம் என்று இடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த திங்கள் மதியத்துக்குள் பெயரை அனுப்ப வேண்டும். “ராஜஸ்ரீ போகட்டும்” என்றார் மேடம். “அவள் கண்ணை நம்பலாம்.”

அந்த வார்த்தை அவளை என்னவோ செய்தது. இத்தனை வருஷமும் யாரும் அவள் கண்ணை நம்பியதில்லை. நம்பியது மைக்ரோமீட்டரை. அவள் அதைப் பிடித்திருக்கும் ஆள், அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது சூர்யா சொன்னான், “வாழ்த்துகள் இன்ஸ்பெக்டர்.” அவள் வேலை தெரிந்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் கூப்பிடுவான். “நான் லீவுக்கே எழுதிக் குடுத்துட்டேனுங்க. அட்டை கடிக்காம இருக்கக் காலுறைகூட வாங்கியாச்சு.”

“டிசம்பர்ல அட்டை இருக்காது.”

“பாருங்க, அதுக்குத்தான் உங்களை அனுப்பறாங்க.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கேமராப் பையின் ஜிப்பைத் தேவையில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அன்று இரவு படுத்த பிறகுதான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் ஓர் ஆள் இடைவெளியில் நின்றோம். அவனுக்கு இலை மறைத்தது. எனக்கு மட்டும் மறைக்கவில்லையா?

செவ்வாய் மாலை, திருத்தம் எழுதிய கையோடு, அவள் சூர்யாவுக்குப் போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை போட்டோ எடுத்தீங்கல்லா? எனக்கு அனுப்புங்க.”

“எதைங்க, அந்த இலை போட்டோவையா?”

படம் வந்தது. நடுவில் ஒரு புங்க இலை, நரம்பு நரம்பாகத் துல்லியமாக விழுந்திருந்தது. அதன் பின்னால் பழுப்பாக ஒரு மங்கல். மங்கலில் ஒரு கண்ணும் அலகும்.

“இலையைக் கரெக்டா அடையாளம் கண்டுபிடிச்சுட்டேனுங்க. புங்கன். அதுல சந்தேகமே இல்லை.”

“கால் தெரியுதா உங்களுக்கு?”

“எனக்கு வாலே தெரியல, காலுக்கு எங்க போறது? ஏனுங்க, நீங்கதான பாத்தீங்க?”

“அதைத்தான் கேக்கேன்.”

“எதை?”

“நான் பாத்தேனான்னு.”

சூர்யா நிதானமாகச் சொன்னான், “அதை எங்கிட்டக் கேட்டா எப்படிங்க? பைனாகுலர் உங்க கண்ணுல இருந்துச்சு. உள்ள புகுந்தா நான் பாக்க முடியும்?”

“நான் அப்பவே கால் மஞ்சள்னு எதுவும் சொன்னேனா?”

“பேசக் கூடாதுன்னு விதி. நீங்க விதியை மீறுவீங்களா? தும்மல் வந்ததையே அடக்கிட்டு நின்னீங்க.”

போனை வைத்துவிட்டு அவள் படத்தைப் பெரிதாக்கினாள். அலகு இடது பக்கம் பார்த்திருந்தது. கண்ணை மூடி, தன் நினைவிலிருக்கும் பறவையைக் கூப்பிட்டாள். அது வலது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். புத்தகத்தில் வரைந்திருந்த பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானும் வலது பக்கம்தான் பார்த்தது. ஆனால் அந்தப் பறவை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் திரும்பித் திரும்பித்தானே உட்கார்ந்தது? இடது பக்கம் பார்த்ததைச் சூர்யா படமெடுத்திருக்கலாம். வலது பக்கம் பார்த்ததை அவள் பார்த்திருக்கலாம். எதை வைத்து அளப்பது? அளக்கிற கோலே வளைந்திருக்கிறதா என்று எந்தக் கோலை வைத்துப் பார்ப்பது?

“என்னட்டி, கூப்பிடக் கூப்பிட அப்படியே உக்காந்திருக்க?” அம்மா சாவித்ரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கவார் நறுக்கணும், வா.”

ராஜஸ்ரீ போய் உட்கார்ந்து கொத்தவரங்காயை நறுக்கத் தொடங்கினாள். துண்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் விழுந்தன.

“கம்பெனில எதுவும் பிரச்சினையா?”

“இல்லம்மா. ஒரு பறவைக்குக் கால் என்ன நிறம்னு தெரியல.”

“இத்தினிக்கூண்டு குருவி காலுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

“நான் பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப பாத்தேனா, புஸ்தகத்துல பாத்ததைப் பாத்ததா நெனைக்கேனான்னு புரியல.”

சாவித்ரி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். “இதுக்கா? உங்கப்பா என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நீலச் சட்டை போட்டிருந்தாருன்னு இருவது வருஷமா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். கதவிடுக்கு வழியா நல்லாப் பாத்தேம்லா. பொறவு ஒரு கல்யாண வீட்ல அன்னிக்கு எடுத்த போட்டோவைக் கொண்டாந்து காட்டுதாங்க. உங்கப்பா வெள்ளைச் சட்டை. நீலச் சட்டை போட்டிருந்தது அவ்வொ கூட வந்த சித்தப்பா மகன்.”

“அப்ப நீ யாரைப் பாத்துச் சரின்னு சொன்ன?”

“அதான் கேக்காதங்கேன்.” சாவித்ரி கவார்த் துண்டுகளை அள்ளிக்கொண்டாள். “இப்ப என்ன கெட்டுப்போச்சு? நல்லாத்தானே இருக்கோம்.”

ராஜஸ்ரீ சிரித்தாள். சிரித்து முடிந்ததும் சந்தேகம் இன்னும் கனமாகிவிட்டது. அம்மா பொய் சொல்லவில்லை. இருபது வருஷம் உண்மையாகவே நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வியாழன் வகுப்புக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடு போனாள். உள்ளே நுழைந்தால் மேடம் கரும்பலகையில் பறவையின் காலை வரைந்துகொண்டிருந்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு கால், மஞ்சள் சாக்பீஸில். அதன் பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் இன்னொன்று. அதைக் கறுப்பாக எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். அன்றைய பாடமே அதுதான். நடுநடுவே “நம்முடைய ராஜஸ்ரீ பார்த்த மாதிரி” என்று அவள் பக்கம் கை காட்டினார். முன் வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். எழுந்து நின்று, ‘மேடம், அந்த மஞ்சளை நான் பார்த்தேனா என்று எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டும். மராத்தியில் மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டினாள். கட்டிய வாக்கியம் கேட்பதற்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பார்த்தேன் என்று சொல்லலாம். பார்க்கவில்லை என்று சொல்லலாம். பார்த்தேனா என்று தெரியாது என்று யாராவது சொல்வார்களா?

வகுப்பு முடிந்ததும் மேசை அருகே போய், “மேடம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்று மட்டும் சொன்னாள்.

“அதுதான் ராஜஸ்ரீ” என்றார் மேடம், இன்னும் சந்தோஷமாக.

சூர்யா வாசலில் காத்திருந்தான். “போலாமுங்க, எனக்கென்ன. ஆனா ஒண்ணு கேக்கறேன். கணக்கெடுப்புச் சீட்டைக் காப்பாத்திக்கப் போறீங்களா, குடுக்கப் போறீங்களா?”

“பாக்கப் போறேன்.”

“நல்ல பதில். ஒண்ணும் புரியல.”

ஞாயிறு காலை ஓடைக்கரையில் வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ராணுவ அகாடமியிலிருந்து பாண்டு வாத்தியம் காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. புல் நுனிகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. இருவரும் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ராஜஸ்ரீ ஓர் அடி இடம் மாறி நின்று பார்த்தாள். பிறகு பழைய இடத்துக்கே வந்தாள். இலை மறைக்கிறதா என்று பார்க்க நினைத்தாள். ஆனால் காற்றடித்தால் மறைத்தது, நின்றால் மறைக்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வழிப்போக்கான பறவை ஒரு வாரம் தங்குமா? வந்தாலும் அதே பறவை என்று எப்படித் தெரியும்? அதன் காலில் வளையமா போட்டு வைத்திருக்கிறோம்?

“வந்துருச்சு” என்றான் சூர்யா, உதடு அசையாமல்.

அதே சுள்ளி. அதே நிமிர்ந்த உட்காரல். ராஜஸ்ரீ பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். இந்தத் தடவை மார்பையோ கண்ணையோ பார்க்கவில்லை. நேராகக் காலுக்குப் போனாள். காற்று நின்றிருந்தது. இலை ஒதுங்கியிருந்தது. கால்கள் வெளிர் மஞ்சளாக இருந்தன. கீழ் அலகும் நுனிவரை மஞ்சள். மார்பின் குறுக்கே பால் கலந்த காப்பியைத் தொட்டுப் பூசியது போல ஒரு பட்டை. பறவை பாய்ந்தது, கவ்வியது, திரும்பி வந்து மறுபடி காட்டியது. பக்கத்தில் கேமரா சடசடவென்று ஓடிற்று.

பறவை இலைகளுக்குள் போனதும் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் எழுதினாள். கால் கட்டத்துக்கு வந்தாள். வெளிர் மஞ்சள். இது பார்த்தது. இதில் சந்தேகமில்லை. திரும்பியபோது சூர்யா கேமராத் திரையை அவள் பக்கம் நீட்டினான்.

“மஞ்சள்தானுங்க. ஒத்துக்கறேன். நான் ஜோசியக்காரன், நீங்க இன்ஸ்பெக்டர். இப்பவாவது சிரிங்க.”

அவள் சிரித்தேவிட்டாள். ஒரு வாரமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. ஆக, கண் பொய் சொல்லவில்லை.

“மறுபடி உக்காந்துருச்சு” என்றான் சூர்யா, கேமராவைத் தூக்கி. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேமராவை இறக்கி, கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி தூக்கினான். “இன்ஸ்பெக்டர், காலு கறுத்துப்போச்சு.”

“நிழல் விழுந்திருக்கும்.”

“நிழலா? கரி மாதிரி இருக்குதுங்க.”

அவள் பார்த்தாள். அதே சுள்ளி நுனி. அதே பெரிய கண், அதே வெள்ளை வளையம், அதே பழுப்பு. கால்கள் கறுப்பு. மார்பில் பட்டை இல்லை, சாம்பல் பூத்த வெள்ளை. அலகின் அடியில் மட்டும்தான் மஞ்சள். ஒளி மாறினால் நிறம் மாறும் என்பது சரி, பட்டைகூடவா அழிந்துவிடும்? அப்போது கீழ்க் கிளையிலிருந்து முதல் பறவை விருட்டென்று மேலே வந்தது. சுள்ளியில் இருந்தது அதன்மேல் பாய்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு புங்கமரத்தை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு ஆளுக்கொரு கிளையில் உட்கார்ந்தன. ஒன்றுக்கு மஞ்சள் கால், ஒன்றுக்குக் கறுப்புக் கால். கொஞ்ச நேரத்தில் கறுப்புக்காலன் இறங்கிப்போக, சுள்ளி நுனியில் மஞ்சள்காலன் வந்து உட்கார்ந்தது. அதை விரட்டிவிட்டு மறுபடி மற்றது வந்தது. ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வது போல இது நடந்துகொண்டே இருந்தது.

சூர்யா புல்லில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப போன வாரம் அந்தச் சுள்ளியில உக்காந்திருந்தது எதுங்க?”

“தெரியல.”

“உங்களுக்கு வந்து காட்டினது இது, எனக்கு வந்து காட்டினது அதுன்னு இருக்குமோ?”

“இருக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணையே பாத்திருக்கலாம். அது இதாவும் இருக்கலாம், அதாவும் இருக்கலாம்.”

“அருமை. ரெண்டு பேரும் பாஸ், இல்லாட்டி ரெண்டு பேரும் ஃபெயில்.” அவன் ஒரு புல்லைப் பிடுங்கினான். “நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? இந்த இடத்துல அந்தப் பறவை இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. இருக்குது. போட்டோவும் இருக்குது. அதோட நிறுத்திக்கலாமுங்க. யாரும் கேக்கப் போறதில்லை.”

“போன வாரத்துப் பறவைக்கு இந்த வாரப் போட்டோ எப்படி ஆகும்?”

“ஆகாதுதான்.”

“நான் மேடம்கிட்டச் சொன்னா, சீட்டு உங்களுக்கு வரலாம்.”

“வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேனுங்க.” அவன் இப்போது சிரிக்கவில்லை. “எனக்கு அங்க போகணும். அதை மறைச்சு என்ன பண்ண? ஆனா நீங்க சொன்னாத்தான் வரும்னா, சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் பாத்தேன். அதுக்கு மேல நல்லவனா இருக்க எனக்கு வளர்ப்பு போதாது.”

அவன் பைக்கில் போய்விட்டான். அவள் பஸ் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. சூர்யா சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே வந்தாள். பார்த்தேன் என்று எழுதினாள். எழுதிய பறவை அங்கே இருந்தது. வேறு எவரும் இதற்குமேல் தன்னைக் குடைந்துகொள்ள மாட்டார்கள். ஒருவேளை உண்மையாகவே அன்றைக்கு இலை ஒதுங்கிய ஒரு கணத்தில் மஞ்சளைப் பார்த்திருக்கலாம். அப்படியானால் இல்லை என்று சொல்வதும் பொய்தானே? இந்தக் கேள்வி சிங்ஹகட் சாலை முழுக்க அவளோடு வந்தது. ஸ்வார்கேட்டில் இறங்கியபோதும் இறங்காமல் கூடவே இருந்தது.

லோக்கலில் நின்றுகொண்டு வரும்போது டிசம்பரை நினைத்துப் பார்த்தாள். காட்டில் ஒரு பாதை. ஒரு கிளையில் ஒரு பறவை. பக்கத்தில் கேமராவோடு யாரும் இல்லை. அவள் எழுதுவதுதான் கணக்கு. ஏதோ ஒரு கட்டம் காலியாக நிற்கும். நிச்சயம் நிற்கும், எல்லாப் பறவையும் காலைக் காட்டிக்கொண்டா உட்காரும்? மாலையில் முகாமுக்கு வந்து பிரதி எடுக்கும்போது, அந்தக் கை என்ன செய்யும்?

கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது.

மஞ்சளைப் பார்த்தாளா என்பது இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அது அவளுக்கு இப்போதுதான் முழுதாக உறைத்தது. இன்னும் பத்துத் தடவை ஓடைக்குப் போனாலும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். மேடம் நம்பியது அவள் கண்ணை. அந்தக் கட்டத்தை நிரப்பியது கண்தான் என்று அவளால் மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வீட்டில் சாவித்ரி, “பாத்துட்டியா உன் குருவிக் காலை?” என்றாள்.

“பாத்தேன். ரெண்டு நிறமும் இருக்கு.”

“ஒரு காலு ஒரு நிறம், இன்னொரு காலு இன்னொரு நிறமா?”

“இல்லம்மா. ரெண்டு குருவி.”

“அப்ப போன வாரம் நீ பாத்தது எது?”

“அதான் கேக்காதங்கேன்” என்றாள் ராஜஸ்ரீ.

சாவித்ரி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ராஜஸ்ரீ நாட்குறிப்பைத் திறந்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு. கடக்வாஸ்லா ஓடை. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் ஒன்று. பழுப்பு ஈப்பிடிப்பான் ஒன்று. இரண்டின் கால்களையும் பார்த்தேன். ஒரே சுள்ளிக்குச் சண்டை. அக்டோபர் 5 அன்று அதே சுள்ளியில் இருந்தது இவற்றில் எது என்று தெரியவில்லை. அன்றைய தாளில் கால் என்ற கட்டம் காலியாக இருக்க வேண்டும்.

கடைசி வரியை எழுதியதும் ‘வேண்டும்’ என்ற சொல் சரியா என்று யோசித்தாள். சரியா தப்பா என்று தெரியவில்லை. அடிக்காமல் விட்டாள். கீழே ஒரு கோடு இழுத்து எழுதினாள்:

நாளை, திங்கள்: பெயர் போவதற்கு முன், காலை டீ இடைவேளையில் அம்ருதா மேடத்துக்குப் போன் செய்து, ஐந்தாம் தேதித் தாளில் கால் நிறத்தை நீக்கச் சொல்ல வேண்டும், சூர்யா தாளிலுள்ள கேள்விக்குறியை என் தாளிலும் போடச் சொல்ல வேண்டும்.